திருநீற்றுக்கு அரை முழம் தள்ளி

உங்கள் ஸ்டேஷன் கெண்டியை யாரோ மனசு வைத்துத் துலக்குகிறார்கள், கொமிசேர் ஐயா. பித்தளையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருக்கிறது. காரைக்காலில் சர்க்கார் சொத்து எதுவும் இவ்வளவு பளபளப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. டீயும் நல்ல சூடு. உள்ளே இருக்கிற தாவூதுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தீர்களா? கொடுத்திருப்பீர்கள். ஒரு பெண்ணைக் கொன்றதாகப் பழி சுமக்கிறவனுக்கு ஒரு டம்ளர் டீ கொடுப்பதில் பிரெஞ்சு சர்க்கார் ஓட்டாண்டியாகிவிடாது.

தாவூதுக்காகப் பரிந்து பேச வந்திருக்கிறேன் என்று வாசலில் நிற்கிற உங்கள் பொலீஸ்காரர் நினைத்துக்கொண்டார். "இந்தக் காலத்துல யாருங்க இப்புடி வருவாங்க, நீங்க நல்லா இருக்கணும்" என்றார். நான் மறுக்கவில்லை. ஒரு மனிதர் நம்மை நல்லவன் என்று நினைத்தால் அதைப் போய்க் கெடுப்பானேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். நான் குழாய்க்காக வந்தேன். மேசைக்குக் கீழே பிய்ந்த செருப்பு மாதிரி தள்ளி வைத்திருக்கிறீர்களே, அந்தக் குழாய்க்காக.

என் பெயர் குஞ்சிதபாதம். விழிதியூர்க்காரன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சர்த்திபிக்கா வாங்கி, அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். நெய்னா முகம்மது முதலாளியின் சாயப்பட்டறையில் அந்தக் குழாயை வைத்துச் சூடு பார்ப்பது என் வேலை. முதலாளி பினாங்கில் இருக்கிறார். கைலிக்கு இங்கே நூல் தோய்க்கிறோம், அங்கே அவர் விற்கிறார். பட்டறையைப் பார்த்துக்கொள்வது அவருடைய மருமகன் சேக் அலாவுதீன். பார்த்துக்கொள்வது என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பது.

ஐப்பசி மழையில் கஞ்சி போட்ட நூல் காயாது என்பது உங்களுக்கும் தெரியும். கொடியில் நாலு நாள் தொங்கிவிட்டுப் பூஞ்சணம் பூக்கும். அதனால் முதலாளி எங்கேயோ பழைய சாமானாக ஒரு செம்பு உருளை வாங்கி அனுப்பினார். ஆள் உயரம் இருக்கும். உள்ளே நீராவி போகும், உருளை சுற்றும், ஈர நூல் மேலே ஏறி மறுபக்கம் காய்ந்து இறங்கும். கொதிகலனைக் கவனித்து ஆவித் திருகைத் திறந்து மூடுகிறவர் தாவூது. உருளைக்குப் பக்கத்திலேயே நின்று நூல் சிக்கிக்கொள்ளாமல் கையால் விலக்கிவிடுகிறவள் பூவாயி. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து நடந்தே வருவாள். புருஷன் சோமு கடலுக்குப் போகிறவன்.

உருளை நூற்றுப் பதினைந்து டிகிரியில் இருக்க வேண்டும். குறைந்தால் நூல் காயாது, ஏறினால் கருகும். அதற்கும் மேலே போனால் உள்ளே ஆவி முட்டும், செம்புத் தகடு தாங்காது. 'நூற்று முப்பதைத் தாண்டாதே' என்று உருளையின் பக்கத்தில் பிரெஞ்சில் பொறித்தே வைத்திருந்தார்கள். பட்டறையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். ஆவி மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் மூடி ஒன்று உண்டு. அது கசிந்து நூலை நனைக்கிறது என்று சேக் அலாவுதீன் அதன் தலையில் ஒரு படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். ஆவியின் அழுத்தம் காட்டும் வட்டு உடைந்தே வந்தது. அதை மாற்றலாம் என்று சொன்னபோது, "அதான் குழா இருக்குதுல்ல" என்றார்.

குழாய் இருந்தது உண்மைதான். சுற்றும் உருளையை யாரும் தொட்டுச் சூடு பார்க்க முடியாது. இந்தக் குழாயோ தொடவே வேண்டாம். எட்டு முழம் தள்ளி நின்று வாயை அந்தப் பக்கம் திருப்பினால் போதும், உள்ளே இருக்கிற குழிக்கண்ணாடி உருளையிலிருந்து வருகிற அனலை வாங்கி முள்ளை நகர்த்தும். முள் காட்டுவதை நான் உரக்கச் சொல்வேன். தாவூது திறப்பார், அல்லது மூடுவார். முள் காட்டாத எண்ணை நான் ஒருநாளும் சொன்னதில்லை. இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு சங்கடம். பளபளப்பான செம்பு ஒரு கஞ்சன். உள்ளே எவ்வளவு சூடு வைத்திருந்தாலும் வெளியே விடாது. குழாயோ வெளியே வருவதைத்தான் பார்க்கும். நூற்றுப் பதினைந்தில் கொதிக்கிற செம்பைப் பார்த்துவிட்டு அறுபது என்று சொல்லும். அது பொய்யில்லை, அதற்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதற்கு மருந்து பூச்சு. விளக்குப் புகையில் கரி பிடித்து, வேப்பம் பிசினில் குழைத்து, நூல் ஓடாத ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு உருளையைச் சுற்றிப் பூசினேன். கரி ஊதாரி, இருக்கிற சூட்டையெல்லாம் அள்ளி வெளியே வீசும். குழாயை அந்தப் பட்டையின் மேல் பிடித்தால் முள் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டது போல் வந்து நிற்கும். உதிராத கரிக்குழம்பு செய்ய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பினாங்கிலிருந்து ஒரு கட்டுக் கைலி திரும்பி வந்தது. ஓரத்தில் கரிக்கறை. ஒன்றிரண்டு இடத்தில் கரி உதிர்ந்திருக்கலாம், மனிதன் செய்ததுதானே. சேக் அலாவுதீன் அந்தக் கைலியைத் தூக்கிக்கொண்டு உருளைக்கூடத்துக்கே வந்துவிட்டார். எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"குஞ்சிதபாதம், ஒங்க குழாவுக்குக் கண்ணு தெரியணும்னா எங்க உருளை மூஞ்சில கரியப் பூசணுமா?"

கூடம் சிரித்தது. செம்பு கஞ்சன், கரி ஊதாரி என்றெல்லாம் சொல்லி விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். பூவாயி நூல்கட்டின் மேல் உட்கார்ந்தே விட்டாள், அவ்வளவு சிரிப்பு. "அண்ணே, பேசாம குழாவுக்கே ஒரு மைப்பொட்டு வச்சு வுடுங்க, திருஷ்டியாச்சும் கழியும்!" என்றாள். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் என் பெயர் மைப்பொட்டு. அதை நான் பொருட்படுத்தவில்லை. படித்தவன் இதையெல்லாம் பொருட்படுத்தக் கூடாது.

"சர்த்திபிக்கா படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் சேக் அலாவுதீன். "ஆனா ஆயுத பூசைக்குத் துலக்குறப்ப அந்தக் கரி போயிடணும். உருளையப் பாத்துச் சொல்லுங்க, கரியப் பாத்துச் சொல்லாதீங்க. முள்ளு நூத்திப் பதினஞ்சத் தொடாம ஒரு நூலும் ஏறக்கூடாது." கரியும் கூடாது, நூற்றுப் பதினைந்தும் வேண்டும். இதைத்தான் நிர்வாகம் என்கிறார்கள்.

நான் வாதாடவில்லை. சரிங்க என்றேன்.

ஆயுத பூசை எங்கள் பட்டறையில் விசேஷம். பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் சேக் அலாவுதீன் செலவு. அதில் அவர் குறை வைத்ததில்லை. பெண்கள் புளியும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்ததில் உருளை புது மாப்பிள்ளை மாதிரி மின்னியது. என் கரிப்பட்டையைச் சுரண்டியது பூவாயி. தேய்த்து முடித்து எட்டி நின்று பார்த்தாள். "கரி இருந்த எடம் மொட்டையா இருக்குது, பாக்கச் சகிக்கல" என்று சொல்லி ஒரு கிண்ணத்தில் திருநீற்றைக் குழைத்தாள். "பாய், உருளையச் செத்த சுத்துங்க" என்றாள். "எனக்குப் பொரி மட்டும் குடு தாயி, பொட்டுக் கிட்டுன்னு வந்துடாத" என்று சிரித்துக்கொண்டே தாவூது சுற்றினார். அவள் மூன்று விரலை வைத்த இடத்தில் வைத்தபடி நின்றாள். உருளையைச் சுற்றிலும் மூன்று வெள்ளைக் கோடு விழுந்தது. என் கரி இருந்த அதே இடத்தில்.

மறுநாள் விஜயதசமி. பினாங்குக் கப்பலுக்குப் போக வேண்டிய நூல் ஈரத்தோடு காத்துக் கிடந்தது. ஆவி ஏறியதும் பழக்க தோஷத்தில் குழாயை ஓரத்துக்குத் திருப்பினேன். முள் நேராக வந்து நூற்றுப் பதினைந்தில் நின்றது. நம்ப முடியாமல் செம்பின் பக்கம் திருப்பினேன், சரிந்தது. மறுபடி திருநீறு, மறுபடி ஏறியது. அப்போதுதான் புரிந்தது. கரி கறுப்பு, திருநீறு வெள்ளை என்பதெல்லாம் நம் கண்ணுக்கு. அனலைப் பொறுத்தவரை ரெண்டும் ஒரே சாதி. நான் விளக்கும் பிசினுமாக மல்லுக்கட்டிச் செய்ததை அவள் மூன்று விரலில், சிரித்துக்கொண்டே, ஒன்றும் தெரியாமல் செய்துவிட்டாள். கைலியில் கறைகூடப் பிடிக்காது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு குழாயை அரை முழம் தள்ளிப் பிடித்தேன். திருநீற்றை விட்டு, நூல் ஏறாத வெறும் செம்பின் மேல்.

உருளையைப் பார்த்துச் சொல் என்பது உத்தரவு. உருளையைப் பார்த்தேன். முள் அறுபது காட்டியது. "அறுபது" என்றேன். தாவூது ஆவியைத் திறந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "என்னாங்க தம்பி, நூலு மொறுமொறுன்னு எறங்குது, நீங்க அறுபத்தஞ்சுங்குறீங்க?"

"முள்ளு அதத்தான் காட்டுது பாய்."

அவர் போய் சேக் அலாவுதீனிடம் சொன்னார். சேக் அலாவுதீன் ஆபீஸ் வாசலில் நின்றபடியே சத்தம் போட்டார். "ஒங்க ரோசனையக் கேட்டா கப்பலு நிக்குமா தாவூது? முள்ளு நூத்திப் பதினஞ்சு காட்டுற வரைக்கும் தொறங்க!" தாவூது "யா அல்லா" என்று முனகிக்கொண்டே திறந்தார். நான் எழுபது என்றேன். எழுபத்தைந்து என்றேன். ஒவ்வொன்றும் முள் காட்டியது.

என் திட்டம் என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்: நூல் கருகட்டும். நாலு கட்டு கருகினால் சேக் அலாவுதீன் வேர்த்து விறுவிறுத்து வந்து, எல்லோர் முன்னாலும், "குஞ்சிதபாதம், அந்தப் பூச்சைப் பூசுங்க" என்று கெஞ்சுவார். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அன்று நான் வழக்கமான இடத்தில் நிற்காமல் தூணை ஒட்டி நின்றதைப் பற்றி உங்கள் ஆட்கள் கேட்டார்கள். கால் வலி.

செம்பு வாழைப்பட்டை உரிவது போல் உரிந்தது. தகட்டின் தையல் பூவாயி நின்ற பக்கம் இருந்தது. சோமு வந்து வளையலைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னான்.

நீங்கள் வந்தீர்கள், விசாரித்தீர்கள். குழாய்க்காரர் சொன்னபடி திறந்தேன் என்றார் தாவூது. முள் காட்டியதைச் சொன்னேன் என்றேன் நான். சேக் அலாவுதீன் என்ன சொன்னார்? "அந்தக் குழா ஒரு வெளையாட்டுச் சாமானுங்க. அத நம்பி எவனாச்சும் ஆவியத் தொறப்பானா? நான் ஒண்ணும் சொல்லல." கண்ணை இமைக்காமல் சொன்னார். அந்தத் திறமைக்காகத்தான் மருமகனாக எடுத்திருக்க வேண்டும். அதோடு புதுச்சேரியிலிருந்து ஒரு பெரிய எஞ்சினியரை வரவழைத்தீர்கள். அவர் இதே அறையில், இதே கெண்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, குழாயை அதன் மேல் பிடித்து, நாற்பது காட்டுகிறது, இது குப்பை என்று தள்ளிவிட்டுப் போனார். குப்பையை நம்பி ஆவியைத் திறந்த தாவூதுதான் குற்றவாளி என்று நீங்களும் முடிவு கட்டினீர்கள்.

தாவூதின் சம்சாரம் ஜொஹரா என் வீட்டுக்கு வந்தது. முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றது. "அண்ணே, நீங்க சொன்னதைத்தானே அவுங்க செஞ்சாங்க. முதலாளி வீட்டுல சொல்லித்தான் தொறந்தாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே. எம் புள்ளைங்களுக்கு வேற யாருமில்ல. அல்லா ஒங்களக் கைவிட மாட்டான்" என்று அழுதது. உட்காரச் சொன்னேன், மோர் கொடுத்தேன். கோர்ட்டில் பிரெஞ்சு ஜட்ஜுகள் நியாயமானவர்கள் என்று ஆறுதல் சொன்னேன். பாவமாகத்தான் இருந்தது. எனக்கென்ன கல் மனசா?

ஆனால் எஞ்சினியர் குழாயைக் குப்பை என்றார் என்று கடைத்தெருவில் கேள்விப்பட்டேன் பாருங்கள், அன்று சோறு இறங்கவில்லை. கெண்டியைத் துலக்கியதே தப்பு என்று தெரியாத ஒருவர் எஞ்சினியராம். இன்று காலையில் குளித்துவிட்டு நேரே இங்கே வந்தேன்.

ஒரு சின்ன உபகாரம் செய்யுங்கள். கெண்டி அடுப்பில்தானே இருக்கிறது, கொதிக்கட்டும். குழாயை இப்படிக் கொடுங்கள். நன்றி. பளபளப்பில் பிடிக்கிறேன், முள்ளைப் பாருங்கள். நாற்பத்திரண்டு. எஞ்சினியர் சொன்னதேதான். இப்போது உங்கள் பொலீஸ்காரரைக் கூப்பிடுங்கள், நெற்றி நிறையப் பூசியிருக்கிறார், மடியில் பொட்டலம் இல்லாமல் இருக்காது. இருக்கிறது பார்த்தீர்களா. ஐயா, கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கெண்டியின் வயிற்றில் ஒரு பட்டை இழுங்கள். கை பத்திரம். காயட்டும். இப்போது அந்தப் பட்டையின் மேல் பிடிக்கிறேன். நீங்களே வாசியுங்கள், கொமிசேர் ஐயா.

தொண்ணூற்றாறு.

அவ்வளவுதான். இதற்குத்தான் வந்தேன். குழாய் பொய் சொல்லவில்லை, ஒருநாளும் சொன்னதில்லை. புதுச்சேரிக்கு எழுதும்போது இதை முதல் வரியாக எழுதுங்கள். தாவூதையும் அப்படியே விட்டுவிடலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

ஆமாம். திருநீற்றில் பிடித்தால் உண்மை தெரியும் என்று விஜயதசமி காலையிலேயே எனக்குத் தெரியும். இப்போதுதான் சொன்னேனே. ஆமாம், உருளையில் அந்தப் பட்டை கடைசி வரை இருந்தது, உதிரவில்லை. பூவாயி செய்த எதிலும் குறை சொல்ல முடியாது. இல்லை, யாரும் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. தாவூதைப் போலவே நானும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன் என்றுதான் இத்தனை நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்னவோ பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள்.

மறுபடி திருநீற்றின் பக்கம் திருப்பவே இல்லையா என்கிறீர்கள். திருப்பினேன். ஒரே ஒரு தடவை, கடைசியில். ஆசைதான், வேறென்ன. என் கணக்குப்படி அந்நேரம் நூற்று நாற்பத்தைந்துக்கு மேல் ஏறியிருக்க வேண்டும், சரியா என்று பார்க்க வேண்டாமா? நூற்று நாற்பத்தெட்டு. அவ்வளவு துல்லியம். அந்தக் கூடத்தில் அதைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் இல்லை என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அப்போது பூவாயி திரும்பினாள். முகமெல்லாம் சிவந்து, வேர்வை சொட்டச் சொட்ட நின்றாள். கேலியே இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக, படித்த மனிதனிடம் கேட்பது போல மரியாதையாகக் கேட்டாள்.

"அண்ணே, அனலு தாங்க முடியல. எனக்கென்னமோ பயமா இருக்கு. நெசமா எவ்வளவுண்ணே காட்டுது? நீங்க சொன்னா நிக்கிறேன், இல்லாட்டி வெளியில போயிடுறேன்."

குழாய் திருநீற்றின் மேல்தான் இருந்தது. முள் நூற்று நாற்பத்தெட்டில் ஆடாமல் நின்றது.

"எண்பதுதான் தாயி, நில்லு" என்றேன்.